நியூ பேலன்ஸ் 990வி6 ரிவ்யூ: "மேட் இன் யூஎஸ்ஏ" ஷூவுக்கு 200 டாலர் குடுக்கலாமா?

சுத்தி வளைக்காம சொல்லிடறேன், ஷூ நல்லா இருக்கு. கால் அகலமா இருக்கறவங்க, நாள் முழுக்க நின்னுகிட்டே வேலை பாக்கறவங்க, காலையில எந்திரிச்சதும் குதிகால தரையில வெக்க முடியாம நொண்டறவங்க எல்லாரும் ஒரு தடவை கடையில போட்டு நடந்து பாக்கலாம். ஆனா இந்த ஷூவை வாங்கற பாதி பேரு காலுக்காக வாங்கறதில்ல, ஷூவோட நாக்குல தெச்சிருக்கற அந்த "யூஎஸ்ஏ"வுக்காகத்தான் வாங்கறாங்க. அமெரிக்காவுல செஞ்ச பொருள், அமெரிக்காவுக்கு வேலை திரும்பி வருது, நாமளும் நம்ம பங்குக்கு ஒண்ணு வாங்குவோம்னு ஒரு இது. அந்த காரணத்துக்காக 200 டாலர் குடுக்கலாமான்னு கேட்டீங்கன்னா பதில் கொஞ்சம் நீளம், அதான் ரிவ்யூவும் நீளமா போயிடுச்சு, பொறுத்துக்கங்க.

தெரியாதவங்களுக்கு கொஞ்சம் பின்கதை. 990ங்கறது நியூ பேலன்ஸ் 1982ல கொண்டு வந்த மாடல். அப்பவே விலை 100 டாலர், அந்த காலத்துல ஓடற ஷூவுக்கு நூறு டாலரான்னு வாயை பொளந்தாங்களாம். இது ஆறாவது வெர்ஷன், 2022 கடைசியில வந்தது. ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில போட்டுட்டு நிப்பாரே சாம்பல் கலர் ஷூ, அது இதே குடும்பத்து 991, 992. பாக்கறதுக்கு ரிட்டையர்டு வாத்தியார் ஷூ மாதிரிதான் இருக்கும், ஆனா இப்ப காலேஜ் பசங்க எல்லாம் இதைத்தான் தேடி தேடி வாங்கறாங்க, காரணம் எனக்கு சத்தியமா புரியல.

இதுல எனக்கு பிடிச்ச முதல் விஷயம் அகலம். சாதாரண அகலத்துக்கு மேல 2ஈ, 4ஈன்னு ரெண்டு சைஸ் தர்றாங்க. சின்ன வயசுல செருப்பும் வெறுங்காலுமா திரிஞ்ச நம்மாளுங்க நிறைய பேருக்கு முன்பாதம் நல்லா விரிஞ்சிருக்கும், மத்த கம்பெனி ஷூவை போட்டா சுண்டுவிரல் நசுங்கும், அதுக்காக அரை சைஸ் பெருசா வாங்குவோம், அப்புறம் குதிகால் லொட லொடன்னு ஆடும். இதுல நீளத்துக்கு சரியான சைஸை எடுத்துகிட்டு அகலத்தை மட்டும் 2ஈ எடுத்தீங்கன்னா போதும். குதிகால் பக்கம் கெட்டியா பிடிச்சுக்குது, நடக்கும்போது பாதம் உள்ள சரியறதில்ல. இதுக்கு முன்னாடி நான் போட்டுட்டு இருந்தது வேற ஒரு பெரிய பிராண்ட், பேர் வேணாம், சோல் வாயை பொளந்துடுச்சு, கடையில கேட்டா வாரன்ட்டி முடிஞ்சதுன்னு சொல்லிட்டாங்க. இதை ஒரு பனிக்காலம் முழுக்க ஆபீஸ், காஸ்ட்கோ, கோயில், ஏர்போர்ட்னு எல்லா இடத்துக்கும் போட்டாச்சு, தையல் பிரியல, சோல் பெருசா தேயல.

சில விஷயம் தெரிஞ்சுகிட்டு வாங்கணும். ஒண்ணு, மேல இருக்கற அந்த மெத்து மெத்துன்னு இருக்கற ஸ்வேட் பன்னித்தோல். வீட்டுல அதை ஏத்துக்காதவங்க இருந்தா முன்னாடியே சொல்லிடறேன், கடைக்காரங்க யாரும் இதை தானா சொல்ல மாட்டாங்க. ரெண்டாவது, இது ஓடறவங்களுக்கான ஷூ இல்ல. ஒரு காலத்துல ஓடறதுக்குத்தான் செஞ்சாங்க, ஆனா இப்ப வர்ற மெல்லிசு ஷூக்களோட பாத்தா கனம், மாரத்தான் கனவு இருந்தா வேற எதையாவது பாருங்க. மூணாவது, மேல வலை மாதிரி துணி, அதனால மழை, பனிச்சேறுக்கு ஆகாது. இங்க மாசசூசெட்ஸ்ல ரோட்டுல உப்பு கொட்டுவாங்க இல்ல, அது ஸ்வேட்ல பட்டா வெள்ளை வெள்ளையா திட்டு வரும், பிரஷ் வெச்சு தேச்சாதான் போகும்.

நான் வாங்கினப்ப விலை 200 டாலர். மாசசூசெட்ஸ்ல இருக்கறவங்களுக்கு ஒரு சின்ன சந்தோஷம், துணிமணி, காலணிக்கு 175 டாலர் வரைக்கும் இங்க சேல்ஸ் டாக்ஸ் கிடையாது, அதுக்கு மேல இருக்கற தொகைக்கு மட்டும்தான் 6.25 சதவீதம், அதனால வரி ரெண்டு டாலரை கூட தொடாது. இதே கம்பெனியோட வியட்நாம்ல, இந்தோனேசியாவுல செய்யற ஷூ பாதி விலைக்கு கிடைக்கும். அப்ப மீதி நூறு டாலர் எதுக்குன்னுதானே கேக்கறீங்க, அங்கதான் கதையே இருக்கு.

நான் வாங்கினது லாரன்ஸ்ல. பாஸ்டனுக்கு வடக்க, மெரிமாக் ஆத்தங்கரையில இருக்கற ஊர். 495 ஹைவேயில போனா ஒரு பெரிய மணிக்கூண்டு தெரியும், அதான் ஏயர் மில். ஒரு காலத்துல அமெரிக்கன் உலன் கம்பெனியோட கம்பளி மில், இப்ப அதுலதான் நியூ பேலன்ஸ் இருக்கு. அந்த ஊர் கதையை தெரிஞ்சுக்காம இந்த ஷூவை வாங்கறது பாதி வாங்கினா மாதிரிதான்னு நான் நினைக்கறேன். 1912 ஜனவரியில பொம்பளைங்களுக்கும் சின்ன புள்ளைங்களுக்கும் வாரத்துக்கு 56 மணி நேர வேலையை 54 ஆக்கின மாநில சட்டம் அமலுக்கு வந்துச்சு, முதலாளிங்க என்ன பண்ணாங்க, ரெண்டு மணி நேர கூலியையும் சேத்து வெட்டிட்டாங்க. இத்தாலி, போலந்து, லிதுவேனியா, சிரியான்னு எங்கெங்க இருந்தோ வந்த மில் தொழிலாளிங்க, அதுல பாதிக்கு மேல பொம்பளைங்களும் சின்ன புள்ளைங்களும், ஒருத்தர் பாஷை ஒருத்தருக்கு புரியாது, அவங்க எல்லாரும் சேந்து கொட்டற பனியில ரெண்டு மாசம் ஸ்டிரைக் பண்ணி கூலி உயர்வு வாங்கினாங்க. இன்னிக்கும் "ரொட்டியும் ரோஜாவும்" ஸ்டிரைக்குன்னு சொல்லுவாங்க. அப்புறம் அந்த மில்லெல்லாம் எங்க போச்சு? சீனாவுக்கு இல்லங்க. கூலி கம்மி, யூனியன் தொல்லை இல்லன்னு தெக்கு மாநிலங்களுக்கு போச்சு, கரோலினா பக்கம். சீனாக்காரன் நம்ம வேலையை திருடிட்டான்னு இப்ப பேசற பேச்சுக்கு பல வருஷம் முன்னாடியே லாரன்ஸ்ல இருந்து வேலை போயாச்சு, போனதும் அமெரிக்காவுக்குள்ளயேதான்.

ஷூவும் இந்த ஏரியா தொழில்தான். லின், ஹேவரில், பிராக்டன்னு மாசசூசெட்ஸ்ல ஊர் ஊரா ஷூ செஞ்சாங்க, அப்புறம் மெயின் மாநிலம். ஷூவோட மேல்பாகத்தை அச்சுல இழுத்து மாட்டி சோலோட சேக்கற மெஷினுக்கு 1883ல பேட்டன்ட் வாங்கினது லின்ல வேலை பாத்த யான் மாட்சலிகர், சூரிநாம்ல இருந்து வந்த கறுப்பினத்து ஆளு. அது வரைக்கும் அந்த வேலையை கையால செய்யறவர் ஒரு நாளைக்கு அம்பது ஜோடி செஞ்சா பெருசு, மெஷின் வந்ததும் நூத்துக்கணக்குல ஆயிடுச்சு. வந்தேறி, ஆட்டோமேஷன் ரெண்டும் சேந்து வளத்த தொழில். இப்ப அதே ரெண்டு வார்த்தையை வெச்சுதான் ரெண்டு கட்சியும் சண்டை போடுது, அது தனி காமெடி.

சரி, டப்பாவுக்கு வருவோம். "மேட் இன் யூஎஸ்ஏ"ன்னு பெருசா போட்டுட்டு, உள்நாட்டு மதிப்பு 70 சதவீதம் அல்லது அதுக்கு மேலன்னு ஒரு விளக்கம் தர்றாங்க. அமெரிக்க வர்த்தக கமிஷன், எஃப்டிசி, அவங்க விதி என்னன்னா எந்த நிபந்தனையும் சொல்லாம வெறுமனே மேட் இன் யூஎஸ்ஏன்னு போடணும்னா பொருள் முழுக்க, இல்ல கிட்டத்தட்ட முழுக்க இங்கயே செஞ்சிருக்கணும். அதை விளையாட்டா எடுத்துக்க முடியாது, 2024ல வில்லியம்ஸ் சொனோமா கம்பெனி தப்பா அப்படி போட்டதுக்கு 31 லட்சம் டாலருக்கு மேல கட்ட வேண்டி வந்துச்சு. நியூ பேலன்ஸ் அந்த 70ஐ வெளிப்படையா சொல்லிடறாங்க, அந்த மட்டுக்கு நேர்மை. ஆனா மீதி 30 எந்த நாட்டுல இருந்து வந்துச்சுன்னு டப்பா சொல்லாது. "நூறு சதவீதம் அமெரிக்கன்"னு நெஞ்சை நிமித்திகிட்டு வாங்கறவங்க இதை ஒரு தடவை படிச்சுக்கங்க. தோல், நூல், ஃபோம், ரப்பர், லேஸ், லேஸ் நுனியில இருக்கற பிளாஸ்டிக்னு ஒரு ஷூவுக்குள்ள எத்தனை சாமான் இருக்கு, அதை எல்லாம் செய்யற சின்ன சின்ன ஃபேக்டரிங்க பெரும்பாலும் ஆசியாவுக்கு போயாச்சு. தைக்கற இடத்தை மட்டும் திருப்பி கொண்டு வரலாம், அந்த சுத்துவட்டாரத்தை கொண்டு வர்றது லேசுப்பட்ட காரியமா?

ஷூவை போட்டோ எடுத்து எங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன், அன்னிக்கு தூக்கம் போச்சு. டெக்சாஸ்ல இருக்கற ஒரு அண்ணன், சிட்டிசன் ஆனதுல இருந்து தீவிர டிரம்ப் ஆளு, "பாத்தியா தம்பி, டாரிஃப், அதான் இறக்குமதி வரி, போட்டா எல்லாம் தானா திரும்பி வருது, தலைவர் சொன்னது நடக்குது"ன்னாரு. நியூஜெர்சியில இருக்கற நம்ம பய ஒருத்தன், அவன் பைடன் பக்கம், "அண்ணே, 2022ல கம்ப்யூட்டர் சிப் ஃபேக்டரிக்கு மானியம் தர்ற சிப்ஸ் சட்டம் போட்டது யாரு, ஃபேக்டரி கட்டற செலவு ரெண்டு மடங்குக்கு மேல ஏறினது யார் காலத்துல"ன்னு ஆரம்பிச்சான். நடுவுல ஒருத்தர் "சைஸ் என்ன, டிஸ்கவுண்ட் உண்டா"ன்னு கேட்டாரு, அவரு ஒருத்தர்தான் ஷூவை பாத்திருக்காரு.

ரெண்டு பேருக்கும் சேத்து நான் குரூப்ல எழுதினதை இங்கயும் எழுதறேன். இந்த ஷூ டிரம்ப் டாரிஃபால வந்ததும் இல்ல, பைடன் மானியத்தால வந்ததும் இல்ல. டாரிஃப் போட்டா தொழில் தங்குமான்னு தெரியணும்னா ஷூவை விட நல்ல உதாரணம் கிடைக்காது, ஏன்னா ஷூவுக்கு 1930ல ஸ்மூட் ஹாலிங்கற இறக்குமதி வரி சட்டம் வந்த காலத்துல இருந்தே அமெரிக்காவுல வரி அதிகம். சில வகை ஷூவுக்கு 37.5 சதவீதம், சிலதுக்கு அதுக்கும் மேல. கான்வர்ஸ் ஷூவோட அடியை திருப்பி பாருங்க, புதுசுல சோல் மேல ஒரு மெல்லிசு துணி மாதிரி ஒட்டியிருக்கும், அது வழுக்காம இருக்கறதுக்கு இல்ல, வீட்டுக்குள்ள போடற செருப்பு கணக்குல காட்டி வரியை குறைக்கறதுக்கு. அந்த அளவுக்கு வரிக்கு பயந்து டிசைன் பண்ற தொழில் இது. அவ்வளவு வரி இருந்தும் என்ன ஆச்சு? இன்னிக்கு அமெரிக்காவுல விக்கற ஷூவுல 99 சதவீதம் வெளிநாட்டு சரக்கு. நைக்கி கூட 70கள்ல நியூ ஹாம்ப்ஷயர்ல எக்சிட்டர்ல, மெயின்ல சாக்கோவுல ஃபேக்டரி வெச்சு இங்கயே செஞ்சவங்கதான், 80கள் நடுவுல மூடிட்டு போயிட்டாங்க.

"ரோபோ வெச்சா கூலி பிரச்சனையே இல்லையே"ன்னு டெக்சாஸ் அண்ணன் கேட்டாரு. அதையும் ஒருத்தர் செஞ்சு பாத்தாச்சு. அடிடாஸ் ஜெர்மனியில ஆன்ஸ்பாக்ல ஒண்ணு, இங்க அட்லாண்டா பக்கம் ஒண்ணுன்னு "ஸ்பீட்ஃபேக்டரி" தொறந்தாங்க, ரோபோ ஷூ செய்யும், ஒவ்வொண்ணுலயும் வேலைக்கு நூத்தி அறுபது பேரு போதும், வருஷத்துக்கு அஞ்சு லட்சம் ஜோடின்னு பேப்பர் பூரா படம். 2019 நவம்பர்ல ரெண்டையும் மூடறோம்னு சொல்லிட்டு அந்த டெக்னாலஜியை வியட்நாமுக்கும் சீனாவுக்கும் கொண்டு போறோம்னாங்க. ஷூ மேல்பாகம் தைக்கறது துணி மாதிரி வளையற பொருள், ரோபோ கைக்கு அது அவ்வளவு சுலபமா அடங்காது. அப்படியே அடங்கினாலும் நூத்தி அறுபது பேருக்குத்தான் வேலை, அதுக்கா இவ்வளவு மேடை பேச்சு.

அப்ப நியூ பேலன்ஸ் மட்டும் எப்படி இங்க தாக்கு பிடிச்சாங்க? எனக்கு தெரிஞ்சு மூணு காரணம். ஒண்ணு அது பங்குச்சந்தையில இல்லாத தனியார் கம்பெனி. ஜிம் டேவிஸ் 1972ல பாஸ்டன் மாரத்தான் நடந்த அன்னிக்கு வாங்கினப்ப ஆறு பேரு வேலை பாத்த இடம், இன்னிக்கும் அந்த குடும்பத்து கையில, மூணு மாசத்துக்கு ஒரு தடவை வால் ஸ்ட்ரீட்டுக்கு கணக்கு சொல்ல வேண்டியதில்ல. ரெண்டு, 200 டாலர் விலை. இங்க செய்யறதை விலை கம்மியா விக்க முடியாது, அதனால "கௌரவ ஷூ" ஆக்கி விக்கறாங்க. கம்பெனியோட மொத்த விற்பனை 2024ல 780 கோடி டாலர், அதுல இந்த அமெரிக்க சரக்கு சின்ன பங்கு, மீதி பெரும்பாலும் ஆசியாவுலதான் தைக்கறாங்க. இங்க ஃபேக்டரியில வேலை பாக்கறவங்க ஆயிரத்து சொச்சம் பேரு, அவ்வளவுதான். மூணாவது காரணம் ராணுவம். அது கொஞ்சம் சுவாரஸ்யமானது.

1941ல இருந்து பெர்ரி திருத்தம்னு ஒண்ணு இருக்கு, ராணுவத்துக்கு வாங்கற துணிமணி, பூட்ஸ் எல்லாம் அமெரிக்காவுல செஞ்சதா இருக்கணும். ஆனா புதுசா சேர்ற பசங்களுக்கு ஓடறதுக்கான ஷூவை மட்டும் ராணுவமே வாங்காம, காசை குடுத்து போய் வாங்கிக்கன்னு விட்டுட்டாங்க, அதனால அந்த விதி அதுக்கு பொருந்தாம போச்சு. இதை மாத்தணும்னு மெயின், மாசசூசெட்ஸ் எம்பிக்கள் வருஷக்கணக்கா மல்லுக்கட்டினாங்க, அதுல சூசன் காலின்ஸ் ரிபப்ளிகன், நிக்கி சாங்கஸ் டெமாக்ரட், ஆங்கஸ் கிங் ரெண்டுலயும் சேராதவர். 2016 டிசம்பர்ல ரிபப்ளிகன் கையில இருந்த காங்கிரஸ் பாஸ் பண்ணி ஒபாமா கையெழுத்து போட்டாரு. சத்தமே இல்லாம ரெண்டு கட்சியும் சேந்து செஞ்ச வேலை, டிவியில ஒரு விவாதம் வந்து நான் பாத்ததில்ல.

அதே 2016ல சத்தம் வந்தது வேற விஷயத்துக்கு. டிபிபின்னு பசிபிக் நாடுகளோட ஒரு வர்த்தக ஒப்பந்தத்துக்கு ஒபாமா ஏற்பாடு பண்ணாரு, வியட்நாம் ஷூவுக்கு வரி போயிடும்னு நியூ பேலன்ஸ் எதிர்த்தாங்க. டிரம்ப் ஜெயிச்ச தேர்தல் முடிஞ்ச மறுநாள் கம்பெனி ஆள் ஒருத்தர் பத்திரிகைக்காரர் கிட்ட, ஒபாமா ஆட்சி எங்க பேச்சை கேக்கல, இனிமே நல்ல திசையில போகும்னு நினைக்கறோம்ங்கற மாதிரி சொன்னாரு. வர்த்தகத்தை பத்தி மட்டும்தான் சொன்னோம்னு அப்புறம் விளக்கம் குடுத்தாங்க, யார் கேட்டா? டிரம்ப்பை பிடிக்காதவங்க ஷூவை கொளுத்தி வீடியோ போட்டாங்க, குப்பையில போட்டு போட்டோ போட்டாங்க. இன்னொரு பக்கம் ஒரு நாஜி வெப்சைட்காரன் இதுதான் வெள்ளைக்காரங்களோட அதிகாரபூர்வ ஷூன்னு எழுதிட்டான், கம்பெனி பதறி அடிச்சு மறுப்பு விட்டாங்க. இதுல வேடிக்கை என்னன்னா அந்த தேர்தல்ல டிரம்ப் மட்டும் இல்ல, அவரை எதிர்த்து நின்ன ஹிலாரியும் டிபிபி வேணாம்னுதான் சொன்னாங்க, பெர்னி சாண்டர்ஸும் அதையேதான் சொன்னாரு. மூணு பேரும் ஒரே பதில் சொன்ன கேள்விக்கு ஷூ எரிஞ்சுது.

மொத்த கணக்கை பாத்தா ரெண்டு கட்சிக்கும் பெருமை பட ஒண்ணும் இல்ல. அமெரிக்காவுல ஃபேக்டரி வேலை உச்சத்துல இருந்தது 1979ல, 1 கோடியே 95 லட்சம் பேரு. 2010 ஆரம்பத்துல 1 கோடியே 15 லட்சத்துக்கு இறங்கிடுச்சு. அதுக்கப்புறம் ஒபாமா காலத்துல கொஞ்சம் ஏறுச்சு, டிரம்ப் முதல் ஆட்சியில கோவிட் வர்ற வரைக்கும் கொஞ்சம் ஏறுச்சு, கோவிட்ல விழுந்தது பைடன் காலத்துல மீண்டு வந்துச்சு, 2023ல இருந்து மறுபடி மெல்ல மெல்ல இறங்கு முகம், பைடன் கடைசியிலயும் இறங்குச்சு, டாரிஃப் போட்ட 2025லயும் இறங்குச்சு. 2012 தேர்தல்ல ஒபாமா பத்து லட்சம் ஃபேக்டரி வேலைன்னு வாக்கு குடுத்தாரு, அவ்வளவு வரல. 2018ல விஸ்கான்சின்ல ஃபாக்ஸ்கான் ஃபேக்டரிக்கு மண்வெட்டி பிடிச்சு டிரம்ப் உலகத்தோட எட்டாவது அதிசயம்னாரு, 13,000 வேலைன்னு சொன்னது 2021ல புது ஒப்பந்தம் போட்டப்ப 1,454 ஆச்சு. அந்த இடத்துல மைக்ரோசாஃப்ட் டேட்டா சென்டர் வருதுன்னு 2024ல பைடன் போய் நின்னு அறிவிச்சாரு. டேட்டா சென்டர் கட்டி முடிச்சப்புறம் எத்தனை பேருக்கு வேலை இருக்கும்னு ஐடியில இருக்கற நமக்கு தெரியாதா என்ன.

ஆனா குரூப்ல இதை எல்லாம் எழுதி ஒரு பிரயோஜனமும் இல்ல. மிச்சிகன் யுனிவர்சிட்டி மாசா மாசம் ஜனங்க கிட்ட பொருளாதாரம் எப்படி இருக்குன்னு கேக்கற ஒரு சர்வே இருக்கு. அதுல ஒவ்வொரு தடவை ஆட்சி மாறும்போதும் ரெண்டு கட்சிக்காரங்க கோடும் அப்படியே இடம் மாறும். 2016லயும் மாறுச்சு, 2020லயும் மாறுச்சு, 2024லயும் மாறுச்சு. தேர்தலுக்கு முந்தின வாரம் நாடே நாசமா போச்சுன்னவரு அடுத்த மாசம் பரவாயில்லைங்கறாரு, நல்லா இருக்குன்னவரு நாசம்ங்கறாரு. நடுவுல முட்டை விலை கூட மாறியிருக்காது. மாமியார் ஒடச்சா மண்குடம், மருமக ஒடச்சா பொன்குடம், அதேதான். எங்க குரூப்லயும் விலைவாசியை பத்தி 2022ல பைடனை கிழிச்ச அண்ணன் இப்ப "கொஞ்சம் பொறுத்துக்கணும், நாட்டுக்காக"ங்கறாரு. அப்ப "இது உலகம் பூரா இருக்கற பிரச்சனை"ன்னு சொன்ன நியூஜெர்சி பய இப்ப காஸ்ட்கோ பில்லை போட்டோ எடுத்து போடறான்.

இன்னொரு சர்வே எனக்கு ரொம்ப பிடிச்சது, 2024ல கேட்டோ இன்ஸ்டிடியூட்ங்கற ஆய்வு நிறுவனம் எடுத்தது. ஃபேக்டரியில இன்னும் நிறைய பேரு வேலை பாத்தா அமெரிக்காவுக்கு நல்லதான்னு கேட்டதுக்கு 80 சதவீதம் ஆமான்னாங்க. நீங்க ஃபேக்டரி வேலைக்கு போனா உங்களுக்கு நல்லா இருக்குமான்னா 25 சதவீதம்தான். அதாவது வேலை திரும்பி வரட்டும், ஆனா அடுத்த வீட்டுக்காரன் போகட்டும். குரூப்ல இதை போட்டுட்டு, நம்ம எட்டு பேர்ல யாரு உங்க புள்ளையை லாரன்ஸ்ல தையல் மெஷின்ல உக்கார வெப்பீங்கன்னு கேட்டேன், ப்ளூ டிக் வந்துச்சு, பதில் வரல.

லாரன்ஸ்ல இன்னிக்கு ஜனங்க முக்கால்வாசிக்கு மேல லத்தீன் அமெரிக்க வம்சாவளி, நிறைய பேரு டொமினிக்கன். 1912ல இத்தாலிக்காரங்க, போலந்துக்காரங்க செஞ்ச மாதிரி இப்பவும் அந்த ஊர்ல கை வேலை செய்யறது புதுசா வந்தவங்கதான். ஃபேக்டரி வேலை வேணும், அதை செய்ய வர்ற ஆளு வேணாம்னா எப்படி? 2025 செப்டம்பர்ல ஜார்ஜியாவுல ஹூண்டாயும் எல்ஜியும் சேந்து கட்டிட்டு இருந்த பேட்டரி ஃபேக்டரியில இமிகிரேஷன் ஆளுங்க புகுந்து 475 பேரை பிடிச்சாங்க, பெரும்பாலும் கொரியாவுல இருந்து மெஷின் மாட்ட வந்தவங்க. முதலீடு பண்ண வாங்கன்னு கூப்பிட்டதும் இதே அரசாங்கம்தான்.

நம்ம ஊர் பக்கமும் இதுக்கு ஒரு நூல் இருக்கு. எங்க சொந்தபந்தம் எல்லாம் ஆரணி, செய்யாறு பக்கம். செய்யாறு சிப்காட்டுல தைவான் கம்பெனி ஃபெங் டே பல வருஷமா நைக்கிக்கு ஷூ செய்யறாங்க. வேலை பாக்கறவங்க பெரும்பாலும் பொண்ணுங்க, விடியக்காலையில கிராமம் கிராமமா கம்பெனி பஸ் வந்து ஏத்திட்டு போகும், டிபன் பாக்ஸோட வரிசையா நிப்பாங்க. எக்சிட்டர்லயும் சாக்கோவுலயும் போன வேலை கொரியா, தைவான், இந்தோனேசியா, வியட்நாம்னு சுத்தி கடைசியில அந்த பஸ் ஸ்டாப்புக்கும் வந்திருக்கு. 2025 ஆகஸ்ட்ல இந்திய சரக்குக்கு 50 சதவீதம் டாரிஃப்னு டிரம்ப் போட்டப்ப ஆம்பூர்லயும் திருப்பூர்லயும் ஆர்டர் என்ன ஆகுமோன்னு வயித்துல புளிய கரைச்சுது. ஆம்பூர்ல ஆர்டர் நின்னா அந்த ஆர்டர் லாரன்ஸுக்கு வந்துடும்னு டெக்சாஸ் அண்ணன் நம்பறாரு. அது வியட்நாமுக்கோ கம்போடியாவுக்கோதான் போகும், ஏன்னா 40 டாலர் ஷூவை லாரன்ஸ்ல யாரும் தைக்க மாட்டாங்க. 2025 ஏப்ரல் டாரிஃப் அறிவிப்புக்கு அப்புறம் நைக்கி, அடிடாஸ் எல்லாம் சேத்து 76 ஷூ கம்பெனிங்க வெள்ளை மாளிகைக்கு விலக்கு கேட்டு லெட்டர் போட்டாங்க. விலை கம்மியான ஷூ, குழந்தைங்க ஷூ வாங்கற குடும்பத்துக்குத்தான் அடி விழும்னு அதுல முக்கியமா சொன்னாங்க.

நான் வேணாம்னு சொல்லல. மெயின்ல ஸ்கோஹீகன், நாரிஜ்வாக் மாதிரி சின்ன ஊர்ல ஒரு ஷூ ஃபேக்டரி இருக்கறது பெரிய விஷயம், அந்த ஊர் ஆளுக்கு அதுதான் சோறு. அந்த ஆயிரத்து சொச்சம் பேரோட கூலிக்கு நூறு டாலர் கூட குடுக்கறதுல எனக்கு வருத்தம் இல்ல, தையலை பாத்தா கை வேலை தெரிஞ்சவங்க தைச்சதுன்னு தெரியுது. ஆனா அது ஒரு தனி ஆளோட வீம்பும், பணம் இருக்கற கஸ்டமரும், ராணுவ ஆர்டரும் சேந்து காப்பாத்தற வேலை. அதை காட்டி நாடு முழுக்க கோடி வேலை திரும்பி வருதுன்னு சொல்றதும், மானியம் குடுத்தா எல்லா ஊர்லயும் இப்படி நடக்கும்னு சொல்றதும், ரெண்டுமே எனக்கு ஜீரணிக்கல.

வாங்கறவங்களுக்கு: சாயங்காலமா கடைக்கு போங்க, நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்ப போட்டு பாத்தாதான் அகலம் சரியா தெரியும். சாம்பல் கலர்ல அழுக்கு தெரியாது, வெளிர் கலர் எடுத்தா பனிக்காலத்துல கஷ்டம். ஃபேக்டரி ஸ்டோர்ல சில நேரம் பழைய வெர்ஷன் விலை குறைச்சு கிடக்கும், வி5 கிடைச்சா தாராளமா எடுக்கலாம், நடக்கறதுக்கு பெரிய வித்தியாசம் தெரியாது. வாங்கினதும் ஸ்வேட்டுக்கு ஒரு தண்ணி ஒட்டாத ஸ்ப்ரே அடிச்சுடுங்க. வெறும் வீட்டு வேலை, கிரோசரி கடைன்னு போறவங்களுக்கு இதே கம்பெனியோட வியட்நாம் ஷூவே போதும், அதுலயும் அகல சைஸ் இருக்கு. அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கறேன், ஒரு ஸ்டார் விலைக்கு குறைச்சது. டிஸ்கவுண்ட் கேட்ட அண்ணனுக்கு, கூப்பன் கோடு போட்டா பெரும்பாலும் இந்த மாடலுக்கு செல்லாது, முயற்சி பண்ணி நேரத்தை வீணாக்காதீங்க.